புஷ்ஷுக்குள் திரும்பும் ஆணி: மோட்டார் சைக்கிள் செயின் பிறந்த கதை

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் நடத்திவந்த சிறு பட்டறை 1879-ல் கைமாறியது. நூற்பாலை இயந்திரங்களுக்குச் செயின் செய்துகொடுக்கும் பட்டறை அது. வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் ஆராவ் என்ற ஊர்க்காரர், 1852-ல் பிறந்தவர். சூரிச்சில் பொறியியல் படித்துவிட்டு 1873-ல் இங்கிலாந்துக்கு வந்து, இயந்திரங்களை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்திருந்தார். பட்டறை கைக்கு வந்த மறு வருஷமே, 1880-ல், ஒரு காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் பைக்கின் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டு ஓடும் செயின் அந்தக் காப்புரிமையில் இருப்பதுதான்.

செயினுக்குப் பூர்வீகம் தேடுகிறவர்கள் லியனார்டோ டாவின்சியின் குறிப்பேட்டுப் படங்கள் வரைக்கும் போவார்கள். அதையும் தாண்டி, 11-ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் சூ சாங் கட்டிய கடிகாரக் கோபுரம் வரைக்கும் போவார்கள். அவற்றுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உறவு தூரத்து உறவுதான். படம் வரைவது யாருக்கும் முடியும். ஓட ஓடத் தேயாமல் எப்படி ஓட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்கு உருப்படியான பதில் ரெனால்டிடம் இருந்தது.

ஸ்லேட்டரின் செயினிலேயே உருளை இருந்தது. பல்சக்கரத்தின் பல்லில் உராயாமல் உருண்டு போகட்டும் என்று 1864-லேயே அவர் யோசித்துக் காப்புரிமையும் வாங்கியிருந்தார். கோளாறு மூட்டில் இருந்தது. கண்ணியோடு கண்ணியைக் கோக்கும் ஆணி, தகட்டில் போட்ட துளைக்குள் திரும்பியது. தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் ஆணிக்கு இருப்பிடம். இழுவையின் மொத்தப் பாரமும் அந்த மெல்லிய விளிம்பில் இறங்கினால் என்ன ஆகும்? ஆணி அரிபடும், துளை கோணலாகும், செயின் நீளும்.

ரெனால்ட் இரண்டு உள்தகடுகளுக்கும் நடுவே ஓர் எஃகுக் குழாய்த் துண்டை இறுக்கிச் சொருகினார். அதுதான் புஷ். ஆணி அந்தப் புஷ்ஷுக்குள் திரும்பும். ஆணியின் இரண்டு முனையும் வெளித்தகடுகளில் இறுகி நிற்கும். உருளை புஷ்ஷுக்கு வெளியே தன்பாட்டில் சுழலும். பார்க்க அற்பமான வேலை. ஆனால் கணக்குப் போட்டால் அதன் கெட்டிக்காரத்தனம் தெரியும். இன்றைய 428 அளவுச் செயினில் தகடுகள் மட்டும் ஆணியைத் தாங்கினால், தாங்கும் நீளம் 3 மில்லிமீட்டர் சொச்சம். புஷ் தாங்கும்போது அதுவே ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். அதே பாரம், மூன்றரை மடங்கு இடத்தில் பரவுகிறது.

தேய்மானத்தை ரெனால்ட் ஒழிக்கவில்லை. அதைச் செயினின் உள்ளே ஓர் இடத்தில் ஒதுக்கி வைத்தார். அந்த இடத்தில் எண்ணெய் இருக்கும்வரை செயின் பிழைக்கும்; வறண்டால் போயிற்று. பிறகு வந்த நூறு வருஷமும், அந்த மூடிய இடத்துக்குள் எண்ணெயை எப்படி அனுப்புவது, போனதை எப்படி வெளியே விடாமல் வைப்பது என்பதைச் சுற்றியேதான் நடந்தது. செயின் பராமரிப்பு பற்றி நம் தெருமுனையில் நடக்கும் அத்தனை வாக்குவாதமும் இதே கேள்விதான்.

அந்த மூட்டு படும் பாட்டையும் சொல்லிவிட வேண்டும். முன்னால் 15 பல், பின்னால் 42 பல், செயினில் 116 கண்ணி உள்ள ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் வினாடிக்கு ஒன்பது சுற்று வரை சுற்றும். செயின் முழுதாக மூன்று தடவைக்கு மேல் சுற்றி வந்துவிடும். ஒவ்வொரு மூட்டும் ஒரு சுற்றுக்கு நான்கு தடவை மடங்கி நிமிர வேண்டும்: முன்பல்லில் ஏறும்போது, இறங்கும்போது, பின்பல்லில் ஏறும்போது, இறங்கும்போது. ஆக ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல். பின்பல்லில் மடங்கும் கோணம் 9 பாகைக்கும் குறைவு; முன்பல்லில் 24 பாகை. செயினை அதிகம் அரிப்பது அந்தச் சின்ன முன்பல்தான். பிக்கப் கூடட்டும் என்று முன்பல்லில் ஒரு பல் குறைத்துப் போடுகிறவர்கள் செயினின் ஆயுளில் இருந்து அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

ரெனால்ட் தன் செயினை ஆலை இயந்திரங்களுக்காகத்தான் செய்தார். அதிர்ஷ்டம் சைக்கிள் உருவத்தில் வந்தது. அதற்கு முன் இருந்த உயரச்சக்கர சைக்கிளில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. செயினுக்கு அங்கே வேலையில்லை. 1885-ல் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம். பெடல் நடுவில் இருந்தது, செயின் பின்சக்கரத்தை இழுத்தது. இன்றைய சைக்கிளின் உருவம் அன்று வந்ததுதான். உடனே எல்லாரும் ரெனால்டின் செயினை வாங்கிவிடவில்லை. உருளை இல்லாத, கட்டைக் கண்ணிச் செயின் மலிவாகக் கிடைத்ததால் அது இன்னும் சில காலம் ஓடியது. காலால் மிதிக்கிற பலத்துக்கு அது தாங்கியது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இண்டியானாபொலிஸில் 1890-ல் ஆர்தர் நியூபி என்பவர் கூட்டாளிகளோடு சைக்கிள் செயின் கம்பெனி ஆரம்பித்தார். பின்னாளில் டயமண்ட் செயின் என்று பெயர் எடுத்தது அதுதான். 1903 டிசம்பர் 17-ல் கிட்டி ஹாக்கில் ரைட் சகோதரர்களின் விமானம் மேலே எழும்பியபோது, எஞ்சினிலிருந்து இரண்டு புரொபெல்லர்களுக்கும் சுழற்சியைக் கொண்டுபோனது இந்தக் கம்பெனியின் செயின். சைக்கிள் கடைக்காரர்களுக்கு வேறு எது தோன்றும்? இரண்டு புரொபெல்லரும் எதிர் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டுப் போலக் குறுக்கே திருப்பி, குழாய்க்குள் விட்டு ஓட்டினார்கள்.

இந்த டயமண்ட் செயின் 1960-ல் அம்பத்தூருக்கு வந்தது. முருகப்பா குழுமத்தோடு கூட்டு சேர்ந்து உருவானது டிஐ டயமண்ட் செயின். அதே டயமண்ட் பெயரோடு, டிஐடிசி என்ற எழுத்துகளோடு வரும் பெட்டிகளை உதிரிபாகக் கடையில் பார்த்திருப்பீர்கள். கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் பிரதர்ஸ் செய்யும் ரோலான் செயினும் அதே அலமாரியில் இருக்கும். அந்தக் கோவைக் கம்பெனியின் தொழிற்சாலைச் செயின் பிரிவில் பெரும்பங்கை 2008-ல் மான்செஸ்டரின் ரெனால்ட் கம்பெனியே வாங்கியது. இன்று ரெனால்ட் பெயரில் ஓர் ஆலை திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில் ஓடுகிறது. பைக் செயின் மட்டும் கோவைக்காரர்களிடமே இருந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். முதலில் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் செயின் கிடையாது, தோல் பெல்ட்தான். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் உதைக்கிற உதையைப் பெல்ட் வழுக்கி வழுக்கி மென்மையாக்கியது. செயின் அப்படி வழுக்காது. ஒவ்வொரு வெடிப்பும் சக்கரத்தில் வெட்டி இழுப்பதாக ஓட்டுகிறவர்கள் புகார் சொன்னார்கள். ஆனால் மழையில் நனைந்த பெல்ட் சும்மா சுற்றும், மேட்டில் நின்றுவிடும், நாளாக நாளாக நீளும். அறுத்துச் சுருக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். மாற்றுப் பெல்ட்டும் கத்தியும் இல்லாமல் நீண்ட பயணம் கிளம்ப முடியாது.

பெல்ட்டா செயினா என்ற வழக்கு தீர்ந்த இடம், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவு. அங்கே நடக்கும் டிடி என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் 1911-ல் முதல் தடவையாக ஸ்நேஃபெல் மலைமேல் ஏறும் பாதைக்கு மாற்றப்பட்டது. ஒரு சுற்று 60 கிலோமீட்டர். பெரிய வண்டிகளுக்கு ஐந்து சுற்று. தட்டையான சாலையில் சமாளித்துவந்த பெல்ட் வண்டிகளுக்கு அந்த ஏற்றம் சோதனையாக அமைந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்த இந்தியன் வண்டிகளில் (பெயரைப் பார்த்து நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை) செயினும் கிளட்சும் இரண்டு கியரும் இருந்தன. ஆலிவர் காட்ஃப்ரே, சார்லஸ் ஃபிராங்க்ளின், ஆர்தர் மூர்ஹவுஸ் என்று மூன்று இந்தியன்காரர்களே முதல் மூன்று இடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். காட்ஃப்ரேயின் சராசரி வேகம் மணிக்கு 76 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுக் கதையையும் சொல்வதானால், இரண்டாவதாக வந்துசேர்ந்தவர் மேட்ச்லெஸ் என்ற பெல்ட் வண்டியை ஓட்டிய சார்லி காலியர். அனுமதி இல்லாத இடத்தில் பெட்ரோல் போட்டதற்காக அவரை நீக்கினார்கள். 1914-ல்கூட ரட்ஜ் பெல்ட் வண்டி ஒன்று டிடியை ஜெயித்தது. ஆக, பெல்ட் அன்றே செத்துவிடவில்லை. ஆனால் அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. வெட்டி இழுக்கிற தொந்தரவுக்குக் கிளட்சும், அதிர்ச்சி வாங்கும் ஸ்பிரிங்கும், பிறகு ரப்பரும் வந்தன. உங்கள் பின்சக்கர ஹப்புக்குள் துண்டு துண்டாக இருக்கும் ரப்பர் அந்தப் பழைய புகாருக்குச் சொன்ன பதில். அது நைந்துபோனால் புதுச் செயினும் சீக்கிரம் கெடும். செயின் செட் மாற்றும்போது இதைப் பார்க்காமல் மூடுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

எஞ்சின் செயினை ஆள ஆரம்பித்ததும் எண்ணெய்ப் பிரச்சினை முன்னுக்கு வந்தது. மண், தண்ணீர், வேகம் மூன்றும் சேர்ந்து எண்ணெயை வெளியே தள்ளும். இதற்கு மிகச் சிறந்த பதில் மிகப் பழைய பதில்தான் என்பது என் கட்சி. வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டனின் சன்பீம் கம்பெனி தன் சைக்கிள்களில் செயினை முழுக்க ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்து எண்ணெயில் நனையவிட்டது. அதற்கு 'லிட்டில் ஆயில் பாத்' என்று பெயர். 1912-ல் மோட்டார் சைக்கிள் செய்ய வந்தபோது அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். அந்தப் பெட்டியின் பேரன்தான் நம் ஊர் நூறு சிசி வண்டிகளில் இருக்கும் செயின் கவர். அழகு இல்லை, ஆட்டம் கண்டால் கடகடக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் சாதாரணச் செயின், திறந்து கிடக்கும் ஜம்பமான செயினைவிடப் புழுதிக்கு நன்றாகத் தாங்கும். புதுவண்டிகளில் கவரைக் கழற்றி எறிந்தது ஷோரூம் கண்ணுக்காக. செயினுக்காக யாரும் அதைச் செய்யவில்லை.

கவர் இல்லாத பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் பட்ட பாடு தனி. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, லிங்க்லைஃப் என்று விற்ற தகர டப்பாவில் சுருட்டிப் போடுவார்கள். அதில் கிராஃபைட் கலந்த கெட்டி மெழுகு கிரீஸ் இருக்கும். டப்பாவை அடுப்பில் ஏற்றிச் சூடாக்கினால் கிரீஸ் உருகி மூட்டுக்குள் இறங்கும். பிறகு எடுத்து வழியவிட வேண்டும். வீட்டு அடுப்படியில் இதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட கணவன்மார் எத்தனை பேரோ! முறை என்னவோ சரியான முறை. மேலே தடவினால் போதாது, ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போக வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் செய்தது அது.

1969-ல் ஹோண்டா சிபி750 வந்தது. 67 குதிரைத்திறன். அந்தப் பலத்துக்கு அன்றைய செயின் ஈடு கொடுக்கவில்லை. ஆரம்ப வண்டிகள் சிலவற்றில் செயின் அறுந்து, சுருண்டு, எஞ்சின் கேஸையே உடைத்தது. அடுத்து வந்த கவாசாகி இசட்1-க்கு 82 குதிரைத்திறன். செயினுக்கென்றே தனி எண்ணெய்த் தொட்டியும் சின்ன பம்ப்பும் வைத்தார்கள். எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. செயினில் நின்றதைவிடப் பின் டயரிலும் சட்டையிலும் அதிகம் சேர்ந்தது. 1975-ல் வந்த இசட்1பி-யில் தொட்டியும் பம்ப்பும் காணாமல் போயின. அதற்குப் பதில் வந்ததுதான் ஓ ரிங் செயின்.

ரெனால்டுக்குப் பிறகு செயினில் நடந்த ஒரே பெரிய சம்பவம் இது என்பேன். ஆலையிலேயே ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸைச் செலுத்தி, உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே பக்கத்துக்கு ஒரு ரப்பர் வளையம் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே போன கிரீஸ் வெளியே வராது, வெளியே உள்ள மண் உள்ளே போகாது. வளையம் கொஞ்சம் உராயும், அதனால் சிறிது பலம் வீணாகும். அதைக் குறைக்க எக்ஸ் வடிவ வளையம் பிறகு வந்தது.

இதைப் புரிந்துகொண்டால் செயினை எப்படிக் கழுவுவது என்ற சண்டை பாதி தீர்ந்துவிடும். முதலில் உங்கள் செயின் எந்த ஜாதி என்று பாருங்கள். தகடுகளின் நடுவே கறுப்பு ரப்பர் விளிம்பு தெரிந்தால் ஓ ரிங் வகை. அதற்கு நீங்கள் அடிக்கிற ஸ்பிரே ஆணியைப் போய்ச் சேராது, சேரவும் கூடாது. அது உருளைக்கும் பல்லுக்கும், துரு பிடிக்காமல் இருக்கவும், வளையம் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும்தான். மண்ணெண்ணெயும் மெத்தென்ற பிரஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் வளையத்தைக் கெடுக்கும். வாட்டர் சர்வீஸில் குழாயைக் கிட்டே பிடித்துப் பீய்ச்சினால் தண்ணீர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே இருக்கிற கிரீஸ் போனால் மறுபடி வைக்க வழி கிடையாது. வளையம் இல்லாத சாதாரணச் செயின் என்றால் கதை வேறு. அங்கே எண்ணெய் உள்ளே போயே தீர வேண்டும். ஓட்டி வந்து நிறுத்திய சூட்டில், தகடுகள் சேரும் இடுக்கில் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைச் சிலர் ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் தூளும் கரியும் கலந்திருக்கும். மூட்டின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் தூள் கசிவதைப் பார்த்தால், உள்ளே ஆணி வறண்டு அரிபடுகிறது என்று அர்த்தம். எதைச் செய்தாலும் எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் செய்யுங்கள். கியரில் போட்டு ஓடவிட்டுத் துணியால் துடைத்து விரல் இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

எண்ணெய் என்னதான் போட்டாலும் தேயத்தான் செய்யும். இரும்புத் தகடு நீளுவதில்லை, மூட்டுகள் தளர்கின்றன. ஒரு மூட்டில் ஆணியும் புஷ்ஷும் சேர்ந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 116 மூட்டும் அப்படித் தேய்ந்தால் செயின் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடிய செயின் பல்லின் பள்ளத்தில் உட்காராமல் நுனியை நோக்கி ஏறும். பின்பல்லின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. ஸ்கேல் வைத்து அளக்கிறவர்களுக்குக் கணக்கு இருக்கிறது: 520, 525, 530 அளவுகளில் 20 கண்ணி நீளம் புதிதில் 317.5 மில்லிமீட்டர். கவாசாகி கையேடுகள் 323 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்கின்றன.

அந்த 520, 428 எண்கள் இங்கிலாந்து அங்குலத்தின் மிச்சம். முதல் இலக்கம், ஆணிக்கு ஆணி இடைவெளி அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும். 4 என்றால் அரை அங்குலம், 5 என்றால் எட்டில் ஐந்து. ஓசூரில் செய்த வண்டியின் மற்றதெல்லாம் மில்லிமீட்டரில் இருக்க, செயின் மட்டும் இன்னும் அங்குலத்தில் ஓடுகிறது.

தளர்ந்த செயினை இறுக்குவதில் எல்லாரும் செய்கிற பிழை, ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முறுக்குவது. செயின் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேயாது. சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் கையேடு சொல்லும் தொய்வை விட வேண்டும். பல சாதாரண வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். முன்பல், ஸ்விங் ஆர்ம் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயினுக்கு அதிக நீளம் தேவைப்படும். ஸ்டாண்டில் நிற்கும்போது 'டைட்'டாக வைத்தது, ஆள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது கம்பியாக விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். தொங்கும் செயினைவிட விறைத்த செயினே அதிகச் செலவு வைக்கும்.

மாற்றும் நாள் வந்தால் செயினை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பற்கள் கொக்கி போல வளைந்திருக்கும். புதுச் செயினின் உருளைகள் அதில் சரியாக உட்காராது, பாரம் ஒன்றிரண்டு பல்லின் தலையில் விழும். சில ஆயிரம் கிலோமீட்டரில் புதியதும் பழையதாகும். செயின், முன்பல், பின்பல் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். முன்பல் ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் நல்லது. செயினில் கண்ணிகள் இரட்டைப்படையிலேயே வரும் என்பதால், உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் ஒரே பல்லிலேயே திரும்பத் திரும்ப விழாமல் மாறி மாறி விழும், தேய்மானம் பரவும். கடைசியாக, செயின் லாக் கிளிப் போடும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த வாய் முன்னால் இருந்தால் எதிலாவது இடித்து கிளிப் கழன்றுகொள்ளும்.